நேற்றைய சோறும் என் நாத்தனாரும்

கண்டனூரில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. முகூர்த்தம் வேலை நாளில் அமைந்துவிட்டது. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருவதாக வாக்களித்தவர்களில் பாதிப் பேர், கைகூப்பும் படம் ஒன்றைக் கைபேசியில் அனுப்பிக் கடமையை முடித்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டுமே பூட்டுத் திறக்கிற பெரிய வீடு அது. முன்கட்டிலிருந்து பின்கட்டுக்கு நடந்தாலே பசி எடுத்துவிடும். இருந்தும் மதியப் பந்தியில் ஆளில்லாத இலைகள் மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. சமையல்காரர்கள் தங்களுக்குச் சொல்லப்பட்ட தலைக்கணக்குக்கு வடித்துவிட்டிருந்தார்கள். அண்டாவில் வெள்ளைச் சோறு குன்றாக நின்றது.

அந்தக் குன்றைப் பார்த்துக் கண்கலங்கியவர் என் கணவர் ஒருவர்தான். பெண்ணைப் பெற்றவரே அன்று அவ்வளவு கலங்கவில்லை.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்காணிக்க அலுவலகம் இல்லாமல் போனதும் எங்கள் சமையலறையைக் கண்காணிக்க ஆரம்பித்தார். நான் பள்ளத்தூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. காரைக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். நான் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற நேரத்தில் அவர் மிளகாய் வத்தல் டப்பாவை இடம் மாற்றி வைப்பார். சாயங்காலம் நான் அதைத் தேடுவதைப் பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி கைகட்டி நின்று பார்ப்பார். சமையலில் அவர் செய்யத் தெரிந்தது எலுமிச்சைச் சோறு ஒன்றுதான். அதையும் மிச்சமான சோற்றில்தான் செய்வார். சோற்றைக் கொட்டக் கூடாது என்பது அவருடைய கொள்கை. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், நாற்று நடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர். நல்ல கொள்கைதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதைச் செயல்படுத்திய விதத்தில்தான் ஆஸ்பத்திரி வரை போனோம்.

அன்று எங்களோடு அவருடைய அக்காவும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். இளையாத்தங்குடியில் இருக்கிறார். எனக்கு நாத்தனார், மதினி என்று கூப்பிடுவேன். தம்பி வாயிலிருந்து எது வந்தாலும் சரியாகத்தான் இருக்கும் என்பது மதினியின் கட்சி. எனக்குத் தெரிந்து இன்றுவரை ஒரு தேர்தலிலும் தோற்காத கட்சி அது.

என் கணவர் கல்யாண வீட்டுக்காரரிடம் பேசி, மூடி போட்ட பெரிய எவர்சில்வர் வாளி ஒன்றை இரவல் வாங்கினார். ஆவி பறக்கும் சோற்றை அதில் அமுக்கி அமுக்கி நிரப்பினார். ஆட்டோவில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். எங்கள் மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோதுகூட அவர் முகத்தில் அவ்வளவு கவனத்தை நான் பார்த்ததில்லை. வெளியே பங்குனி வெயில் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே எங்கள் மூன்று பேரோடு அந்த வாளியும் வேர்த்துக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து பிரிட்ஜில் வைத்துவிடலாமே என்று சொன்னேன். பள்ளியில் நாற்பது பிள்ளைகள் கேட்கிற குரல்தான். வீட்டில் அதற்கு அந்த மரியாதை இல்லை.

“பிரிட்ஜில வச்சா சோறு செத்துப் போகும். காத்துப் படாம மூடி வச்சா நாளைக்குக் காலையிலயும் பூவாட்டம் இருக்கும்,” என்றார்.

அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மதினி உடனே ஓட்டுப் போட்டுவிட்டார். ஆகவே வாளி அடுப்பு மேடையில், அடுப்புக்குப் பக்கத்திலேயே, மூடிய மூடியோடு இருந்தது. அடைகாக்கும் கோழி மாதிரி தன் சூட்டை விடாமல் காப்பாற்றிக்கொண்டு சாயங்காலம் முழுதும் இருந்தது. பொழுது விடியும்வரை இருந்தது. உள்ளே என்ன பொரிந்துகொண்டிருந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

காலையில் நான் இட்லி ஊற்றி, மதியத்துக்கும் அதையே டப்பாவில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். சந்தேகப்பட்டுச் செய்தேன் என்று பிறகு பலர் சொன்னார்கள். அப்படி ஒன்றுமில்லை. என் கணவர் எலுமிச்சைச் சோறு தாளிக்க ஆரம்பித்தால் கடுகு வெடிக்க ஒரு யுகம், கடலைப்பருப்பு சிவக்க ஒரு யுகம். எனக்குப் பிடிக்க வேண்டியது பள்ளத்தூர் பஸ். அது யுகங்களுக்காக நிற்காது.

மதியத்துக்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரம்மா போன் செய்தார். இரண்டு பேரும் மாறி மாறி வாந்தி எடுக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறோம் என்றார். நான் பாதிப் பாடத்தில் சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ நினைத்து அழுதேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததைப் பார்த்தால் அந்தக் கண்ணீரை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் அக்காவும் தம்பியும் குளுக்கோஸ் ஏறப் படுத்திருந்தார்கள். என் கணவர் முகம் வெளிறிப்போய், உதடு காய்ந்து, பாவமாக இருந்தார். மதினிக்கு உடம்பெல்லாம் தளர்ந்துவிட்டது. குரல் மட்டும் தளரவில்லை. தன் மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் அறைக்குள் வந்ததை அவர் பார்க்கவில்லை.

“ஒங்கத்தை வீட்டுச் சோறுதான்டி. சாப்புட்ட ரெண்டு பேரும் படுத்துக் கெடக்கோம். அவ மட்டும் டப்பாவுல இட்லிய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. என்னத்தச் சொல்ல.”

என்னத்தைச் சொல்ல என்று முடித்தாலும், சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டிருந்தார். நான் அடுத்த கட்டிலைப் பார்த்தேன். அந்தச் சோற்றைக் கொண்டுவந்தவர், மூடி வைத்தவர், தாளித்தவர், பரிமாறியவர் எல்லாமான என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு மயக்கத்தில் இருந்தார். சரியாக அந்தப் போன் முடியும்வரை மயக்கத்தில் இருந்தார். நர்ஸ் வந்து இளநீர் குடிக்கலாம் என்றதும் தெளிந்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் செய்தி இளையாத்தங்குடியைத் தாண்டி, திருப்பத்தூரைத் தாண்டி, சிவகங்கையில் இருக்கும் ஒன்றுவிட்ட சம்பந்திகள் வரை போய்ச் சேர்ந்தது. எல்லாரும் போன் செய்து நலம் விசாரித்தார்கள். “நீ நல்லாத்தான இருக்க?” என்று கேட்டார்கள். அந்த ‘நீ’யில் கொடுத்த அழுத்தத்தை எழுத்தில் காட்ட எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் ஒரு இளம்பெண். அவர் வந்தபோது மதினி தூங்கிவிட்டிருந்தார். என்ன சாப்பிட்டார்கள், அது எப்போது சமைத்தது, எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் வாளியின் வரலாற்றைச் சொன்னேன். என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் திட்டவில்லை, சிரிக்கவில்லை. பலமுறை சொல்லிப் பழகிய களைப்போடு விளக்கினார். அரிசியிலேயே ஒரு கிருமி இருக்கிறதாம். கொதிக்க வைத்தாலும் அதன் விதை மாதிரி ஒன்று சாகாமல் கிடக்குமாம். சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது முளைத்துப் பெருகி விஷத்தைக் கக்கிவிடுமாம். வாசனையோ நிறமோ ஒன்றும் மாறாதாம்.

“காலையில நல்லாச் சூடு பண்ணித்தானே சாப்பிட்டோம்,” என்றார் என் கணவர்.

“சூடு பண்ணினா கிருமி சாகும் சார். அது கக்கி வச்ச விஷம் சாகாது.”

எலுமிச்சம்பழம் பிழிந்தேனே என்று கேட்டார். அது ருசிக்குத்தான் என்றார் டாக்டர். தண்ணீர் ஊற்றிய பழைய சோறு சாப்பிட்டே வளர்ந்தவன் நான் என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தார். ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பது வேறு கதை, சுடுசோற்றை வாளியில் அமுக்கி மூடி வைப்பது வேறு கதை என்று டாக்டர் அதையும் பிடுங்கிப் போட்டார். வடித்த சோறு மிச்சமிருந்தால் அகலமாகப் பரப்பி, சீக்கிரம் ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள், மறுநாளே சாப்பிட்டுவிடுங்கள், ஒரே ஒரு தடவை, ஆவி பறக்கிற மாதிரி உள்வரை சூடு செய்யுங்கள், அதிலும் மிஞ்சினால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள் என்றார். கொட்டிவிடுங்கள் என்ற சொல்லைக் கேட்டபோதுதான் என் கணவர் முகத்தில் உண்மையான வலியைப் பார்த்தேன்.

இரண்டு பேரும் தேறி வீட்டுக்கு வந்தார்கள். மதினி எங்கள் வீட்டு வாசலோடு தன் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் நான் என் கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

“மதினிக்கிட்ட நீங்கதான் செஞ்சீகன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

“நேரம் பாத்துச் சொல்றேன்,” என்றார்.

அவர் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். சித்திரை போயிற்று, வைகாசியில் ஒரு காதுகுத்து வந்தது. அங்கே மதினி என்னோடு பேசினார், சிரித்தார், பந்தியில் மட்டும் நான் பரிமாறிய வரிசையில் உட்காரவில்லை. ஆடியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்தார். காபி வேண்டாம், வயிறு சரியில்லை என்றார். அவருக்கு வயிறு சரியில்லாத ஒரே வீடு எங்கள் வீடுதான். என் கணவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

உண்மையைச் சொல்லும் வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, அந்த நேரத்தில் அவர் வேறொரு வேலையில் இறங்கினார். சோற்றைப் பிரிட்ஜில் வைத்து, மறுநாள் பூவாட்டம் மீட்டெடுக்கும் ஆராய்ச்சி. பிரிட்ஜில் வைத்தால் சோறு செத்துப் போகும் என்று சொன்னவர்தானே, உயிர் கொடுக்கும் பொறுப்பும் தன்னுடையது என்று நினைத்துவிட்டார்.

முதல் பாதி சுலபமாக வந்துவிட்டது. மதியம் மிஞ்சிய சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறியின் கீழ் வைப்பார். பூனை வரக்கூடும் என்று பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவார். சூடு தணிந்ததும் தட்டையான டப்பாவில் மூடி பிரிட்ஜுக்குள் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, சாத்தியிருக்கிறதா என்று ஒருதரம் இழுத்துப் பார்ப்பார். அவருடைய அலுவலகக் கோப்புகள் இவ்வளவு வேகமாக நகர்ந்திருந்தால் இந்த மாவட்டம் எங்கேயோ போயிருக்கும்.

இரண்டாம் பாதியில்தான் சிக்கல். மறுநாள் வெளியே எடுத்தால் சோறு கட்டியாக, ஒவ்வொரு பருக்கையும் விறைத்துக்கொண்டு நின்றது. கடாயில் போட்டுக் கிண்டினார், பொரி கிடைத்தது. குக்கரில் தண்ணீர் விட்டு விசில் வைத்தார், களி கிடைத்தது. கொதிக்கிற வெந்நீரில் போட்டு வடிகட்டினார். சத்தும் ருசியும் சாக்கடைக்குப் போய், குளித்துவிட்டு வந்த பிணம் மாதிரி ஒன்று தட்டில் படுத்துக் கிடந்தது. எங்கள் மகள் வாங்கிக் கொடுத்த மைக்ரோவேவ் அடுப்பு அதுவரை பிஸ்கட் பாக்கெட்டுகள் வைக்கும் அலமாரியாக இருந்தது. பிஸ்கட்டுகளை வெளியேற்றிவிட்டுச் சோற்றை அப்படியே உள்ளே வைத்தார். ஓரத்தில் கூழாங்கல், நடுவில் ஐஸ்.

சோற்றைக் கொட்டக் கூடாது என்ற கொள்கை அப்போதும் அமலில் இருந்தது என்பதை நினைவுபடுத்துகிறேன். பொரியையும் களியையும் கூழாங்கல்லையும் சாப்பிட்டது நான். அவரும் சாப்பிட்டார். ஆனால் அவர் அதை ஆராய்ச்சி என்று சாப்பிட்டார்; நான் சாப்பாடு என்று சாப்பிட்டேன்.

குளிரில் பருக்கைக்குள் இருக்கும் மாவு இறுகிவிடுகிறது, ஈரமும் சூடும் சேர்ந்துதான் அதை இளக்கும் என்று எங்கோ கைபேசியில் படித்துவிட்டு வந்து எனக்கு வகுப்பெடுத்தார். நான் பகலெல்லாம் வகுப்பெடுத்துவிட்டு வந்தவள். மைக்ரோவேவுக்குள் சோறு தெறித்து அதைத் துடைக்கிற வேலை என் தலையில் விழுந்துகொண்டிருந்ததால், ஒருநாள் இட்லித் துணியை நனைத்துப் பிழிந்து கிண்ணத்தின் மேல் போர்த்திவிட்டேன். தெறிக்காமல் இருக்கட்டும் என்றுதான். வெளியே எடுத்தபோது துணிக்கடியில் ஆவி கட்டி நின்றது. சோறு உதிர்ந்து, மிருதுவாக, வடித்தவுடன் இருக்கிற மாதிரி இருந்தது. என் கணவர் ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே வெகுதூரம் பார்த்தார்.

“நான் நெனச்சது சரியாப் போச்சு,” என்றார்.

கண்டுபிடிப்பு அன்றிலிருந்து அவர் பெயரில் பதிவாகிவிட்டது. நியாயமாகச் சொன்னால், அதற்குப் பிறகு அவர் அதைச் செம்மைப்படுத்தினார். சோறு குளிர்ச்சியாக இருக்கும்போதே நனைத்த விரலால் கட்டியை மெல்லப் பிரித்துவிடுவார். சூடானபின் கிண்டினால் குழைந்துவிடும். ஒரு கை தண்ணீர் தெளிப்பார். ஈரத்துணி போர்த்துவார். நடுவிலிருந்து ஆவி வருகிறதா என்று கரண்டியால் விலக்கிப் பார்ப்பார். இறக்கியதும் துணியை எடுக்காமல் சற்று நேரம் விட்டுவைப்பார். மின்சாரம் இல்லாத நாளில் அதே துணியை இட்லிச் சட்டியில் விரித்து, அதில் பரப்பி அவிப்பார். எத்தனை பேர் சாப்பிடுகிறார்களோ அவ்வளவுக்கு மட்டும்தான் எடுப்பார். ஏனென்றால் மிஞ்சினால் டாக்டர் சொன்னபடி கொட்ட வேண்டும், அதற்குப் பதில் தானே உட்கார்ந்து முழுங்கிவிடுவார். அந்த மாதங்களில் அவருக்குக் கொஞ்சம் தொப்பை போட்டது. விஞ்ஞானத்துக்குச் செய்த தியாகம்.

ஐப்பசியில் நல்ல மழை. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மதியம் நெருங்குகிற நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது, மதினி இறங்கினார். கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டிருந்தார். காரைக்குடியில் பல் டாக்டரிடம் இரண்டு பல்லைப் பிடுங்கிவிட்டு வருகிறார். ஊருக்குத் திரும்புகிற வழியில் தண்ணீர் தேங்கி பஸ் ஓடவில்லை. வேறு போக்கிடம் இருந்திருந்தால் எங்கள் வாசலுக்கு வந்திருக்கமாட்டார் என்பது அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது.

துண்டு கொடுத்தேன், தலையைத் துவட்டிக்கொண்டார். சாப்பிடச் சொன்னேன்.

“எனக்கு ஒண்ணும் வேணாம்த்தா. மழை விட்டதும் கடையில எதையாச்சும் பாத்துக்கிறேன்.”

மழை விடவில்லை. அவர் முந்தைய சாயங்காலம் சாப்பிட்டதோடு சரி என்பது பேச்சுவாக்கில் வந்தது. இன்றைக்கு ரசம் மட்டும்தான் மதினி, இருந்து ஒரு வாய் சாப்பிடுங்கள் என்றேன். அவர் மழையைப் பார்த்தார். மழைக்கு யார் மேலும் இரக்கமில்லை. கடைசியில், புதிதாக வடித்த சோறாக இருந்தால் குழைய வைத்து ஒரு கை போடு என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நான் அரிசி களைய எழுந்தேன். அதற்குள் என் கணவர் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, நீங்கள் பேசிக்கொண்டிருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். உட்கார்ந்தேன். மதினி பல் பிடுங்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஊசி போட்ட இடத்துக்குக்கூடக் கதை வரவில்லை. உள்ளிருந்து சாப்பிட வரலாம் என்று குரல் வந்தது.

எந்த அடுப்பிலும் அரிசி அவ்வளவு வேகமாகச் சோறாவதில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். பிரிட்ஜில் முந்தைய நாள் டப்பா இல்லை. கழுவும் தொட்டியில் காலியாகக் கிடந்தது. ஈர இட்லித் துணி மேடையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. என் கணவர் தட்டில் சோற்றைப் போட்டு, மேலே தக்காளி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கையைப் பிடிப்பதற்குள் தட்டோடு போய்விட்டார்.

அந்தச் சாப்பாடு முடிகிறவரை நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்ல. அந்தச் சோற்றில் குறையில்லை என்று எனக்குத் தெரியும். ஆறவைத்தபோது நானும் பார்த்தேன். அவர் நாற்காலி போட்டுக் காவல் இருந்ததையும் பார்த்தேன். ஆனால் பல் பிடுங்கிய வலியில் மதினிக்கு லேசாகக் குமட்டினாலும் போதும். சிவகங்கை வரை இந்தத் தடவை போன் போகாது, ஆட்களே வருவார்கள். அவர் ஒவ்வொரு கவளத்தையும் பல் இல்லாத பக்கத்திலிருந்து இருக்கிற பக்கத்துக்கு மாற்றி மெல்வதை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

பாதித் தட்டு காலியானதும் மதினி நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். கல்யாணம் ஆகி வந்து இத்தனை வருஷத்தில் அவர் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“சோறு பூவாட்டம் இருக்குத்தா. இப்பத்தான் ஒனக்குப் பக்குவம் கைவந்திருக்கு.”

இப்படியே விட்டால் பங்குனியில் போன பெயர் ஐப்பசியில் பாதியாவது திரும்பிவரும் என்று ஒரு ஆசை. ஆனால் என் கணவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். இத்தனை மாத உழைப்பு, அவ்வளவு தொப்பை, எல்லாம் இன்னொருவர் கணக்கில் போவதைக் கண்ணெதிரே பார்க்கிறவர் முகம் அது.

“அது அவ வடிச்ச சோறு இல்லக்கா. நேத்துச் சோறு. நாந்தான் சுடவச்சேன்.”

மதினியின் கை தட்டிலேயே நின்றது. இதோடு நிறுத்தியிருக்கலாம். கண்டுபிடித்தவர்கள் அப்படி நிறுத்துவதில்லை. பரப்பி ஆறவைத்ததிலிருந்து ஈரத்துணிவரை விவரமாகச் சொன்னார். அக்கா பயப்படுவதாக நினைத்துக்கொண்டு தைரியமும் சொன்னார்.

“அன்னைக்கு மாதிரி இல்ல. அன்னைக்கு நான் வெவரம் தெரியாம வாளியோட மூடி வச்சுட்டேன், அதான் நம்ம ரெண்டு பேருக்கும் ஆகாமப் போச்சு. டாக்டரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. எத்தனை மாதமாக நான் கெஞ்சியும் நேர்மை வெளியே கொண்டுவராததை, பெருமை ஒரு நிமிஷத்தில் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டது. நான் மதினியைப் பார்த்தேன். அதிர்ச்சி அடைவார், தம்பியைத் திட்டுவார், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார் என்று என்னென்னவோ எதிர்பார்த்தேன். அவர் இன்னொரு கவளத்தை உருட்டினார்.

“அது எனக்குத் தெரியாதாக்கும். கடலைப்பருப்பு கருகிக் கெடந்துச்சு, எலுமிச்சங்கொட்டை வாயில கடிபட்டுச்சு. இவ கையி தாளிச்சா அப்படியா இருக்கும்?”

ரசத்தில் பெருங்காயம் எவ்வளவு என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். நான் கேட்டேன்.

“தெரிஞ்சுக்கிட்டேதான் ஊரெல்லாம் எம்பேரச் சொன்னீகளா மதினி?”

“பின்ன? கூடப் பொறந்தவன விட்டுக்குடுக்க முடியுமாத்தா? ஓய்வு வாங்கிட்டு வீட்டுல இருக்குற ஆம்பள. ஊரே சிரிச்சா அவன் தாங்குவானா? நீ வேலைக்குப் போறவ. நாலு பேரப் பாக்குறவ. தாங்குவ.”

இவ்வளவு பெரிய பாராட்டை என் தலைமையாசிரியர்கூட எனக்குத் தந்ததில்லை. எனக்கு வந்த கோபத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். தொட்டியில் கிடந்த டப்பாவைத் தேய்த்தேன்; ஏற்கனவே தேய்த்து வைத்திருந்த பாத்திரங்களையும் எடுத்துத் தேய்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது. அப்போது வெளியிலிருந்து மதினியின் குரல், இன்னும் ஒரு கரண்டி சோறு இருந்தால் கொண்டுவரச் சொன்னது. மாதக்கணக்காக என் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முயன்றேன், முடியவில்லை. சோற்றைக் கொண்டுபோய்ப் போட்டேன். போடும்போதே, அன்று யாருக்கெல்லாம் போன் செய்தீர்களோ அவர்களுக்கெல்லாம் இன்று போன் செய்தால்தான் தயிர் வரும் என்று சொல்லிவிட்டேன். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. என் கணவர் தயிர் எடுக்க எழுந்தார். நான் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்.

மதினி கையைக் கழுவிவிட்டுத் தன் மகளுக்குப் போன் போட்டார். நான் கேட்க வேண்டும் என்பதற்காக ஒலியைப் பெரிதாக்கினார்.

“ஏண்டி, அன்னைக்கு வயித்தால கஷ்டப்பட்டமே, அது ஒங்கத்தை மேல குத்தமில்லையாம். டாக்டரே சொல்லிட்டாகளாம். எல்லாம் அந்தப் பங்குனி வெயிலு பண்ணுன வேலையாம்.”

மகள் சரி என்றாள். யாருக்கும் வருத்தமில்லை. தம்பி தப்பித்தான், நான் விடுதலை ஆனேன், பங்குனி வெயில் தண்டனை பெற்றது. மேல்முறையீட்டுக்கு அது வரப்போவதில்லை. இவ்வளவு கிடைத்ததே என்று தயிரைக் கொடுத்துவிட்டேன். அன்று மதினி எங்கள் வீட்டிலேயே தங்கினார். சாயங்காலம் நான் போட்ட காபியைக் குடித்துவிட்டு, சர்க்கரை கூடிவிட்டது என்றார். எங்களுக்குள் எல்லாம் பழையபடி சரியாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன். இளையாத்தங்குடிக்குக் கிளம்பும் முன் ஈரத்துணி விஷயத்தைத் தம்பியிடம் இன்னொரு முறை கேட்டுக்கொண்டார்.

போன வாரம் அவரிடமிருந்து என் கணவருக்குப் போன். பிரிட்ஜில் இருந்த சோற்றில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிச் சூடு செய்தாராம். பசை மாதிரி ஆகிவிட்டதாம். வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் அவமானமாகப் போய்விட்டதாம். என் கணவர் ஒரு கை தெளித்தால் போதுமே அக்கா என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

“நீ சரியாத்தான் சொல்லியிருப்படா தம்பி. ஓம் பொண்டாட்டிதான் நடுவுல பேசிக் கொழப்பிவிட்டா,” என்று போனில் மதினியின் குரல் கேட்டது.

நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு என் கணவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் குழப்பவில்லை அக்கா, துணி போடுகிற யோசனையே அவளுடையதுதான் என்று சொன்னார். சொல்லிவிட்டு அவசரமாகச் சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டு, பிரிட்ஜ் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.